அம்மன் நாகு

காயாமோட்டைக்குக் கிழக்கே, குளத்துக்கும் வயலுக்கும் இடையில் கிடக்கிற காட்டுத் துண்டுக்குப் பெயர் பெரியபத்தை. மாங்குளத்தில் இறங்கி உள்ளுக்கு ஒன்பது கட்டை போனால் வரும். அதற்குள் நிற்கிற பாலை மரங்கள் எல்லாம் கிழடுகள். ஒன்றுக்குக்கூட வாரிசு கிடையாது. ஆடி மாதம் பழம் கொட்டும். கரடியும் குரங்கும் சனமும் தின்று கொட்டையைத் துப்பும். ஐப்பசி மழைக்கு அது முளைக்கும். முளைத்த மறுகிழமை மாடு வந்து கடித்துவிட்டுப் போய்விடும். இப்படியே ஐம்பது வருடம் போயிருக்கிறது. ஊருக்குள் ஒவ்வொருவரும் பாலைப்பழம் தின்று வளர்ந்த ஆட்கள்தான். ஆனாலும் ஒரு பாலைக்கன்றைக் கண்டாயா என்று ஒருவரும் ஒருவரையும் கேட்டதில்லை.

கேட்டவள் தாட்சாயினி. கமநல சேவை நிலையத்தில் வேலை செய்கிற பிள்ளை. அவள்தான் மூன்று வருடத்துக்கு முன் ஒன்பது பேரைச் சேர்த்து ‘பெரியபத்தை நலன்விரும்பிகள்’ என்று அழகாகப் பெயர் வைத்தாள். ஊர் வைத்த பெயர் முள்ளுக்கோஷ்டி. ஞாயிறும் புதனும் காட்டுக்கத்தியோடும் கவைத்தடியோடும் போய், சூரைமுள்ளை வெட்டி இழுத்துவந்து, கன்றுக்குக் கன்று சுற்றி அடைப்பார்கள். வீரை, முதிரை, உலுவிந்தை, காயா என்று எது முளைத்தாலும் அடைப்புத்தான். பாலைக்கு மட்டும் இரட்டை அடைப்பு. கம்பி வேலிக்கு வழியில்லாததால் எட்டு ஏக்கரைச் சுற்றி அலம்பல் வேலி போட்டார்கள். காய்ந்த முட்கிளைகளை ஆள் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கி, நடுவே தடி குத்தி இறுக்கிய வேலி. சம்பளம் இல்லை. கையெல்லாம் முள்ளுக் கீறல், மத்தியானம் ரொட்டியும் கட்டைச்சம்பலும் பிளேன்ரீயும், அவ்வளவுதான்.

அந்த ஒன்பது பேரில் வாய் நீளமானவள் தயாளினி. யோகநாதனின் மனைவி. பிள்ளை குட்டி இல்லாத, இரண்டே பேர் இருக்கிற வீடு. முதலில் வேடிக்கை பார்க்கத்தான் போனாள். தான் அடைத்த முள்ளுக்குள் ஒரு பாலைக்கன்று முழுதாக ஒரு வருடம் தப்பி நின்று, இரண்டு புது இலை விட்டதைக் கண்ட நாளிலிருந்து அவளை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. மூன்று வருடத்தில் அந்தக் கன்று ஒரு சாண் வளர்ந்திருந்தது. ஒரு சாணுக்கு இவ்வளவு பாடா என்று யோகநாதன் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன புரட்டாசியில் காலபோகத்துக்கான விதைப்புக் கூட்டம் கோயில் மடத்தில் நடந்தது. ஐப்பசி பத்துக்குள் மாடுகள் எல்லாம் வயல் பக்கத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வருடா வருடம் எடுக்கிற முடிவுதான். குகதாசன் எழும்பி நின்றார். ஊரிலேயே பெரிய பட்டி அவருடையது, எழுபது உருப்படி. யோகநாதனுக்கு மாமன் மகன், மச்சான் முறை.

“எங்கை கொண்டு போறது எண்டும் ஆராவது சொல்லுங்கோவன்” என்றார். “மேற்காலை காடு எண்டால் வன இலாகா கல்லு நட்டு வைச்சிருக்கு, உள்ளிடேலாது. வடக்கை எல்லாம் வெட்டி வயலாக்கிப் போட்டியள். மிஞ்சின பெரியபத்தையை முள்ளுக்கோஷ்டி அடைச்சு வைச்சிருக்கு. என்ரை மாடு காத்தைக் குடிச்சோ சீவிக்கும்?”

“நாப்பது ஏக்கரிலை எட்டு ஏக்கர்தான் அடைச்சனாங்கள், குகண்ணை” என்றாள் தயாளினி. “மிச்சம் முப்பத்திரண்டும் உங்கடை மாட்டுக்குத்தானே.”

“அந்த முப்பத்திரண்டிலை புல்லு எங்கை கிடக்கு? அடைச்ச எட்டுக்குள்ளைதானே பச்சையாக் கிடக்கு.”

“அடைச்சபடியால்தான் பச்சையாக் கிடக்கு.”

மடத்தில் சிரிப்பு எழும்பியது. குகதாசன் சிரிக்கவில்லை. தயாளினி அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வேலிக்குள் எந்த மாடு வந்தாலும் பிடித்துக் கட்டி, கட்டாக்காலி என்று பிரதேச சபைக்குக் கொடுப்போம், யாருடையது, ஆற்றை மாடு என்று பார்க்கமாட்டோம் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டுக் குந்தினாள். அந்த ‘ஆற்றை மாடு என்று பார்க்கமாட்டோம்’ என்பதைக் குகதாசன் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்.

ஏனென்றால் ஊரில் ஒரு மாடு இருந்தது, அதை ஒருவரும் பிடித்துக் கட்ட முடியாது. அது தயாளினியின் மாடு.

அவளுடையது என்றும் சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில், வெள்ளம் வடிந்த கையோடு யோகநாதனுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. வயற்சேற்றில் நின்றவர், காலில் வெட்டுக்காயம். இரண்டாம் நாள் கண் மஞ்சளித்து, மூன்றாம் நாள் மூத்திரம் நின்றுபோய், பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற மெசினில் போட்டார்கள். வாசலில் குந்தியிருந்த தயாளினி, ஊர் அம்மன் இருக்கிற திசையைப் பார்த்து நேர்ந்தாள். இவர் எழும்பி நடந்து வந்தால், எங்கடை பசு அடுத்துப் போடுற கன்று உனக்கு. பதினெட்டாம் நாள் அவர் நடந்து வந்தார். பங்குனியில் பசு கன்று போட்டது, செங்காரி நிறத்தில் ஒரு நாகு, பெட்டைக்கன்று. பால் மறந்ததும் கோயிலில் விட்டார்கள். பூசாரியார் பின்தொடையில் சூலக்குறி சுட்டு, கொம்பில் மஞ்சள் துணி கட்டி அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து அதற்குக் கயிறு போடக்கூடாது, அடிக்கக்கூடாது, விற்கக்கூடாது.

அம்மன் நாகு ஊருக்குச் செல்லப்பிள்ளையானது. கடைக்குப் போனால் வாழைப்பழம், கலியாண வீட்டுக்குப் போனால் மாலை. வளவுக்குள் புகுந்து கீரைப்பாத்தியைத் தின்றால் கும்பிட்டு வழியனுப்புவார்கள். மற்ற மாடுகளுக்குத் தடியைக் கண்டால் பயம், முள்ளைக் கண்டால் பயம். இது பிறந்த நாளிலிருந்து ஒரு ஏச்சுக்கூட வாங்கியதில்லை. எதற்குப் பயப்படுவது?

யோகநாதனுக்கோ அந்த நாகுதான் உயிர். அதன் நெற்றியைத் தடவாமல் வயலுக்கு இறங்கமாட்டார். சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து, கமக்காரர் எல்லாரும் விதைப்புக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை போட வேண்டும் என்று எலிக்காய்ச்சல் குளிசையைக் கொடுத்துவிட்டுப் போவார். யோகநாதன் அதை வாங்கி, சாமிப்படத் தட்டில் அம்மன் படத்துக்குக் கீழே வைத்துவிடுவார்.

“அம்மன்ரை காவல் இருக்கேக்கை குளிசை என்னத்துக்கு?” என்பார். தயாளினியும் ஓம் என்று சொன்னவள்தான்.

ஐப்பசி பிறந்த கையோடு முதல் மழை விழுந்து, பதினைந்தில் பலத்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் புதன்கிழமை முள்ளுக்கோஷ்டி போனபோது தென்மேற்கு மூலையில் அலம்பல் வேலி வாய் பிளந்து கிடந்தது. உள்ளே சேறு முழுக்கக் குளம்படி. தாட்சாயினி ஒவ்வொரு அடைப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். மழைக்கு முளைத்த பாலைக்குஞ்சுகள் அறுபத்துமூன்று போயிருந்தன. தயாளினியின் ஒரு சாண் கன்றில் இலை ஒன்றும் இல்லை, தண்டு மட்டும் நின்றது.

தயாளினி அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் சேற்றிலேயே இருந்துவிட்டாள். அழுகை வந்தது. ஆட்கள் நிற்பதால் அதைத் தூசணமாக மாற்றிக் குகதாசனின் பரம்பரைக்கே சொன்னாள்.

“அக்கா, கொஞ்சம் பொறுங்கோ” என்றான் செந்தூரன். மோட்டார் சைக்கிள் திருத்துகிற பெடியன், முப்பது வயது, கோஷ்டியில் முள் இழுக்க அவனுக்கு நிகர் ஆளில்லை. “வேலியை ஒருத்தரும் வெட்டேல்லை. கொம்பாலை தூக்கி எறிஞ்சிருக்கு. இஞ்சை பாருங்கோ.”

முட்கிளை ஒன்றில் ஒரு துண்டு மஞ்சள் துணி கிழிந்து தொங்கியது.

செந்தூரன் அதை முள்ளிலிருந்து கழற்றி எடுத்தான். மழைத்தண்ணீர் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“நாகு முன்னுக்கு வந்து வேலியைத் திறக்க, பட்டி பின்னாலை வந்திருக்கு” என்றான் செந்தூரன். “இனி என்ன, அக்கா? ஆற்றை மாடு எண்டு பாக்கமாட்டம் எண்டு கூட்டத்திலை சொன்னது நீங்கள்தானே.”

“அது நேர்த்தி மாடு.”

“பாலைக்கண்டுக்கு அது தெரியுமே?”

“செந்தூரன், வாயை அளந்து கதை. அந்த மாட்டிலைதான் என்ரை மனிசன்ரை உயிர் கிடக்கு.”

“அப்ப மற்றவன்ரை மாட்டை மட்டும் என்ன கணக்கிலை பிடிக்கிறது? நான் நாளைக்குக் குகண்ணையின்ரை மாட்டைக் கட்டினால், முதல் உங்கடை அக்காவின்ரையைக் கட்டு எண்டு என்ரை மூஞ்சையிலை காறித் துப்புவார்.”

தாட்சாயினி வேலிக்கு உள்பக்கம் குந்தியிருந்து சேற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கையில் எதையோ எடுத்து மணந்து பார்த்தாள்.

“அக்கா, தவிடு” என்றாள். “நாகு தானாய் வரேல்லை. ஆரோ பழக்கியிருக்கினம்.”

அன்றே வேலியைத் திரும்ப அடைத்தார்கள். அடுத்த நாள் விடியற்காலை, யோகநாதனுக்குத் தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, தயாளினி தனியாகப் பெரியபத்தைக்குப் போனாள். வீரை மரத்துக்குப் பின்னால் நின்றாள். நுளம்பு கடித்துப் பிய்த்தது. நன்றாக நிலம் வெளித்த பிறகு குகதாசன் வந்தார், தோளில் ஒரு உரப்பை. வேலிக்கு மேலால் கையை நீட்டி இரண்டு மூன்று இடத்தில் தவிட்டைக் கொட்டினார். பிறகு நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். அம்மன் நாகு ஆடி அசைந்து வந்து, கொம்பை அலம்பலுக்குக் கீழே கொடுத்து ஒரு தூக்குத் தூக்கியது. செய்து செய்து பழகின வேலை. பின்னால் பட்டி முழுவதும் வரிசையாக நின்றது.

“குகண்ணை!” என்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அவர் துள்ளி விழவில்லை. உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

“என்ன தங்கச்சி, விடியவே?”

“வெக்கமாயில்லையே உங்களுக்கு? அம்மன்ரை மாட்டைக் கள்ளனாக்கிப் போட்டியளே!”

“நானோ? நான் என்ன செய்தனான்?” அவர் ஒரு அடி முன்னுக்கு வந்தார். “கண்டது ஆர், நீ ஒராள்தானே? போய்ச் சொல்லு. ஊரையே முள்ளு வைச்சு அடைக்கிற உன்ரை கதையை ஆர் நம்பீனம் எண்டு பாப்பம். என்ரை பசுக்கள் வயித்திலை கன்றோடை எலும்பு தெரிய நிக்குதுகள். அதுக்கு முன்னாலை உன்ரை நாலு இலை எனக்குப் பெரிசில்லை.”

உள்ளே மாடுகள் முள்ளடைப்புகளை மிதித்துக்கொண்டு மேய்ந்தன. அவள் தடியை எடுத்து மற்ற மாடுகளைக் கலைத்தாள். நாகு மட்டும் நின்ற இடத்தில் நின்று தவிட்டை நக்கியது. அதை அடிக்கக் கை எழவில்லை.

வீட்டுக்கு வந்து யோகநாதனிடம் சொன்னாள். அவர் பழஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, உங்கடை மச்சான்ரை வேலையைக் கேட்டியளே” என்று தொடங்கி முழுவதையும் சொல்லி முடித்தாள்.

“நீ சரியாக் கண்டனியோ?”

“என்ரை ரெண்டு கண்ணாலை கண்டனான்.”

“கண்டாலும் வாயை மூடிக்கொண்டு இரு” என்றார். “நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை எங்கடை வயலை வெட்டி அடிச்சுத் தந்தவன் அவன். நாலு இலைக்காக மச்சானோடை கொளுவச் சொல்லுறியோ?”

நாலு இலை என்று இவரும் சொன்னதுதான் அவளைச் சுட்டது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஊரே கூடியிருக்கும்போது அம்மன் வாசலில் போய் நின்றாள்.

“குகண்ணைதான் தவிடு வைச்சு அம்மன் நாகுவைப் பழக்கினவர். இல்லையெண்டால் கற்பூரம் அணைச்சுச் சொல்லட்டும்.”

காயாமோட்டையில் அது கடைசிப் பேச்சு. கொளுத்திய கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை இல்லை. பொய் சொன்னவனை அம்மன் முப்பத்தொரு நாளுக்குள் கேட்பாள், தண்டிப்பாள் என்பது நம்பிக்கை. காணிச்சண்டை, களவு எல்லாம் அந்த வாசலில் தீர்ந்திருக்கின்றன. குற்றம் செய்தவன் கற்பூரத்தைக் கண்டதும் காலில் விழுந்துவிடுவான். பொய்க்குக் கை வைத்தவன் ஊரில் ஒருவன்கூட இல்லை. தயாளினி அதை நம்பித்தான் கேட்டாள். தன் புருசனின் உயிரைத் திருப்பித் தந்தவளுக்கு முன்னால் ஒரு மனிதன் பொய் சொல்வான் என்று அவள் மனதுக்குப் படவேயில்லை. அவள் செய்த பிழை அதுதான்.

குகதாசன் நேரே குளத்துக்குப் போனார். முழுகி, ஈரவேட்டியோடு திரும்பி வந்தார். பூசாரியார் வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார்.

“பெரியபத்தை வேலியடியிலை நான் தவிடு வைக்கேல்லை” என்றார் குகதாசன், நல்ல உரத்த குரலில். “வைச்சிருந்தால் என்ரை பட்டி அழியட்டும், நான் அழியட்டும்.”

உள்ளங்கை சுடரில் விழுந்தது. ‘ட்ஸ்’ என்று ஒரு சத்தம். அவர் கையைத் தூக்கி ஊருக்குக் காட்டினார். பிறகு தயாளினியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றியைவிட வேறு ஏதோ இருந்தது. பயமாகவும் இருக்கலாம். அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

அதன் பிறகு முள்ளுக்கோஷ்டியில் ஆறு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். சத்தியவானுக்குப் பழி போட்ட கூட்டத்தோடு திரிய அவர்களுக்கு விருப்பமில்லை. கிணற்றடியில் தயாளினி போனால் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு விலகினார்கள். யோகநாதன் கதையை நிறுத்திவிட்டார். சோற்றைப் போட்டு வைத்தால் தின்றார், அவ்வளவுதான். ஒருநாள் மட்டும், “உன்னாலை என்ரை மச்சான் ஊருக்கு முன்னாலை கையைச் சுட்டவன்” என்றார்.

“பொய் சொல்லிச் சுட்டவர்.”

“பொய்யெண்டால் அம்மன் கேப்பா. நீ ஆர் கேக்கிறதுக்கு?”

சரி, அவா கேட்கட்டும் என்று தயாளினி பொறுத்தாள். சுவரில் தொங்கிய கலண்டரில் நாளுக்கு நாள் கோடு போட்டாள். தினமும் தனியாகவோ செந்தூரன், தாட்சாயினியோடோ போய் முள்ளடைத்தாள். அடைக்க அடைக்க நாகு திறந்தது. அம்மனின் மாடு திறப்பது அம்மனின் விருப்பம் என்று ஊர் பேசிக்கொண்டது. இப்போது குகதாசன் தவிடு வைக்கவும் தேவையில்லை. மழை ஓயவில்லை. வயலெல்லாம் பச்சை பிடித்தது. முளைத்த பாலைக்குஞ்சில் பாதி போய்விட்டது.

எட்டாம் நாள் குகதாசனின் பசு இரட்டைக்கன்று போட்டது. பதினான்காம் நாள் அவருடைய மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தது. இருபதாம் நாள் குளக்கட்டில் அவருடைய உழவு இயந்திரம் சறுக்கித் தலைகீழாகப் புரண்டது. அப்பாடா என்று தயாளினியின் மனம் ஒரு நொடி துள்ளியது. துள்ளியதற்கு அவளே வெட்கப்பட்டாள். ஆனால் மனிதர் சேற்றுக்குள்ளிருந்து ஒரு கீறல்கூட இல்லாமல் எழும்பி வந்தார். அம்மன் தாங்கிப் பிடித்தாள் என்று ஊர் பொங்கல் போட்டது. பொங்கல் சோற்றில் ஒரு பங்கு இவள் வீட்டுக்கும் வந்தது. யோகநாதன் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்.

முப்பத்தோராம் நாளும் போயிற்று. அன்று அவளுக்கு நித்திரை இல்லை. கோபம்கூட இல்லை, ஒரு கேள்விதான் இருந்தது. கற்பூரத்தில் கை வைத்துப் பொய் சொன்னவனை ஒன்றும் கேட்காதவா, மற்ற எதைக் கவனித்திருப்பா? அப்படியென்றால் இவரை எழுப்பிவிட்டது ஆர்? ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டொக்டர் பிள்ளை இருந்தாள். சிங்களப் பிள்ளை, தமிழ் தடுமாறிப் பேசுவாள். மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் மெசினுக்குப் பக்கத்திலேயே நின்றவள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவளுடைய பெயர்கூடத் தயாளினிக்குத் தெரியாது. ஒரு சீப்பு வாழைப்பழம்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. எல்லா நன்றியும் ஒரு நாகுவாகக் கோயிலுக்குப் போய்விட்டது.

காலையில் வைக்கோல் கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு கோயிலடிக்குப் போனாள். நாகு வேப்பமரத்துக்குக் கீழே படுத்து அசைபோட்டது. அவள் சுருக்கைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனாள். இழுக்கும், இடிக்கும், மல்லுக்கட்ட வேண்டிவரும் என்று நினைத்துச் சேலையை வரிந்து கட்டியிருந்தாள். நாகு எழும்பி நின்று தலையைக் குனிந்து கொடுத்தது. அதன் கழுத்தில் இதுவரை விழுந்ததெல்லாம் மாலைதான். இதுவும் மாலை என்றுதான் அது நினைத்தது. தயாளினி அதன் நெற்றியை ஒருமுறை தடவினாள். ஆனாலும் சுருக்கை இறுக்கினாள்.

பூசாரியார் ஓடிவந்தார். “பிள்ளை, என்ன வேலை பாக்கிறாய்! கயிறு போட்டால் நேர்த்தி முறிஞ்சு போகும்!”

“முறியட்டும், ஐயா.”

“உன்ரை மனிசனுக்கு ஏதும் நடந்தால்?”

“நடந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன்.”

ஒழுங்கை முழுவதும் ஆட்கள் படலையடியில் வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி மண்ணை அள்ளித் தூற்றினாள். தயாளினி நடுத்தெருவால் நாகுவை நடத்திக்கொண்டு வந்து, தன் வளவுப் பூவரசில் கட்டினாள். யோகநாதன் குசினி வாசலில் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“அவிட்டு விடு” என்றார். அந்த ஒருநாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு. “தயாளினி, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். என்னைக் கொல்லாதை.”

அவள் முடிச்சை இன்னொருமுறை இறுக்கினாள். அதற்குள் படலை படாரென்று திறந்தது. குகதாசன். அவருக்குப் பின்னால் பாதி ஊர்.

“அவிழடி கயிற்றை!” என்று கத்தினார். இவ்வளவு காலத்தில் அவர் அவளை ‘டி’ போட்டுக் கதைத்ததில்லை. “அம்மன்ரை மாட்டைக் கட்டுறதுக்கு உனக்கு எவ்வளவு துணிவு! அழிஞ்சு போவாய்! அவா சும்மா விடுவா எண்டு நினைச்சியோ? கேப்பா! கட்டாயம் கேப்பா!”

தயாளினி கயிற்று முடிச்சில் கையை வைத்தபடியே திரும்பினாள்.

“உங்களைக் கேட்டவாவே, குகண்ணை?”

அவர் ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.

“முப்பத்தொரு நாள் போட்டுது. நீங்கள் தவிடு வைச்சது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவாவுக்கும் தெரியும் எண்டுதான் நான் நினைச்சனான். உங்களைக் கேட்டிருந்தால் சொல்லுங்கோ, இப்பவே அவிட்டு விடுறன். அவா கேப்பா எண்டு நீங்களே நம்பினால், அந்தக் கையை எப்பிடி வைச்சனியள்?”

குகதாசன் ‘நான் வைக்கேல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊர் அவர் பக்கம்தான் நின்றது. அவர் சொல்லவில்லை. வலது கையை வேட்டிக்குள் மறைத்தார். எல்லாரும் அதைக் கண்டார்கள். யோகநாதனும் கண்டார்.

ஒவ்வொருவராக ஆட்கள் கலைந்தார்கள். குகதாசன் மட்டும் நின்றார். போகும்போது, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில், “என்ரை மாடுகள் எங்கை போறது, தங்கச்சி?” என்றார்.

“எனக்குத் தெரியாது” என்றாள். அது உண்மை. விதைப்புக் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

பின்னேரம் செந்தூரன் மோட்டார் சைக்கிளில் வந்து படலைக்கு வெளியே நின்றபடி சொன்னான். பட்டி பெரியபத்தை வேலியடியில் நிற்கிறது. இரண்டு மணித்தியாலமாக நிற்கிறது. முன்னுக்குப் போக ஆளில்லாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஒரு மாடும் முள்ளைத் தொடவில்லை. “அக்கா, உங்கடை கண்டு தண்டிலை ஒரு துளிர் விட்டிருக்கு” என்றான். அவள் தலையை ஆட்டினாள். நாகுவுக்கு இனி நாளாந்தம் புல் அரிய வேண்டும் என்ற நினைப்பு வந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு வரம்புக்குப் போய் ஒரு கட்டுப் புல்லோடு வந்தாள்.

திரும்பி வந்தபோது நாகுவுக்கு முன்னால் ஒரு வாளி தண்ணீர் இருந்தது. யோகநாதன் வைத்தது. அவர் பூவரசுக்குக் கீழே கதிரையைப் போட்டு, மாட்டையும் பார்க்காமல் அவளையும் பார்க்காமல் இருந்தார். நேற்று முழுக்க வயலில் நனைந்த உடம்பு. தும்மினார். பிறகு இன்னொருமுறை தும்மினார். காலில், விரலிடுக்கில், ஒரு புதிய கீறல் இருந்தது.

தயாளினியின் கை தன்பாட்டில் கும்பிட எழும்பியது. கோயில் திசையைப் பார்த்துப் பாதியில் நின்றது. கையை இறக்கினாள். உள்ளே போனாள். சாமிப்படத் தட்டில், அம்மன் படத்துக்குக் கீழே கிடந்த குளிசைப் பைக்கற்றை எடுத்துத் தூசியைத் தட்டினாள். ஒரு செம்பு தண்ணீரோடு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இதைப் போடுங்கோ.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “இவ்வளவு நாளும் இது இல்லாமல் இருந்தனான்தானே?”

“இவ்வளவு நாளும் அவா இருந்தவா” என்றாள். பைக்கற்றைக் கிழித்துக் குளிசையை எடுத்தாள். “வாயைத் திறவுங்கோ. இனி உங்களுக்கு நானும் இந்தக் குளிசையும்தான். வேறை ஆளில்லை.”